மலைக்கும் ஆழத்துக்கும் நடுவே

நியூசிலாந்தின் தெற்குத் தீவில், பிக்டன் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கிக் காரில் தெற்கே கிளம்பினால் வெகுநேரம் கடலே கண்ணில் படாது. பிளென்ஹைமைச் சுற்றித் திராட்சைத் தோட்டங்கள். அதன் பிறகு வெயிலில் காய்ந்து பழுப்பேறிய மொட்டைக் குன்றுகள். கெக்கெரெங்குவை நெருங்கும்போது ஸ்டேட் ஹைவே 1 சட்டென்று பசிபிக்கின் விளிம்புக்கு வந்துவிடுகிறது. அங்கிருந்து கைக்கோரா என்ற கடலோர ஊர் வரை இடது கைப் பக்கம் அலை, வலது கைப் பக்கம் மலை. நடுவில் ஒரு சாலைக்கும் ஒரு ரயில் பாதைக்கும் மட்டுமே இடம். நம் ஊரைப் போல அங்கும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால், தெற்கு நோக்கிப் போகிறவர்களுக்குக் கடலோரத் தடமே கிடைக்கிறது. இந்தச் சாலையை வடக்கிலிருந்து தெற்காகப் போக அது ஒன்றே போதுமான காரணம்.

சாலைக்கு மேலே 2,600 மீட்டர் உயரம் வரை எழும் மலைத்தொடரைப் பார்க்கிறவர்கள், அதே அளவு விந்தையான ஒன்று தண்ணீருக்கு அடியிலும் இருப்பதை அறியாமலே கடந்துவிடலாம். கைக்கோராவுக்குச் சற்றுத் தெற்கே, கரையை ஒட்டியே ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கி, 1,000 மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. பிற இடங்களில் வெகுதூரம் கப்பலில் போனால் எட்டக்கூடிய ஆழம் இங்கே சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. தெற்கிலிருந்து வரும் குளிர்நீரும் வடக்கிலிருந்து வரும் வெதுநீரும் இங்கே கலக்கின்றன. ஆழத்துச் சத்துகள் மேலே வருகின்றன, சிற்றுயிர்கள் பெருகுகின்றன, அவற்றைத் தின்ன மீனும் கணவாயும் கூடுகின்றன. அந்தப் பயணத்தில் நான் பார்த்த விலங்கும் பறவையும் எல்லாமே இந்தப் பள்ளத்தின் விருந்தாளிகள்தான்.

முதல் விருந்தாளிகளைச் சந்திக்க வண்டியை விட்டு அதிக தூரம் நடக்க வேண்டியதில்லை. ஓஹாவ் முனையில் சாலைக்குக் கீழே உள்ள பாறைகளில் நூற்றுக்கணக்கான கடல்நாய்கள் கிடக்கின்றன. குட்டிகள் பாறைக் குட்டைகளில் ஒன்றையொன்று துரத்துகின்றன. தாய் கடலிலிருந்து திரும்பியதும் குரலை வைத்தே தன் குட்டியைக் கண்டுபிடிக்கிறது. முன்பு குளிர்காலத்தில் இந்தக் குட்டிகள் அருகிலிருந்த ஓடை வழியாக ஏறி, காட்டுக்குள் ஒரு அருவிக் குட்டையில் விளையாடுமாம். அதைக் காண எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. 2016 நவம்பர் 14 அன்று, நள்ளிரவு கடந்த சில நிமிடங்களில், 7.8 அளவுள்ள நிலநடுக்கம் இந்தக் கரையை உலுக்கியது. மலை சரிந்து ஓடையையும் சாலையையும் ரயில் பாதையையும் மூடியது. ஊர் துண்டிக்கப்பட்டது. சிக்கிக்கொண்ட பயணிகளை ஹெலிகாப்டரிலும் கடற்படைக் கப்பலிலும் ஏற்றி வெளியே கொண்டுபோனார்கள். அதுவரை அவர்களுக்குச் சோறு போட்டது தக்காஹங்கா மராயே என்ற மாவோரிச் சமுதாயக் கூடம். அங்கே கிரேஃபிஷ் என்ற விலையுயர்ந்த சிங்கி இறால்கூடப் பரிமாறப்பட்டது. வடக்குச் சாலை மீண்டும் திறக்க 2017 டிசம்பர் ஆகிவிட்டது.

நிலநடுக்கம் விட்டுப்போன தடத்தைக் கயாக்கில் போனபோதுதான் கிட்டத்தில் பார்த்தேன். கைக்கோராத் தீபகற்பம் அந்த இரவில் ஏறக்குறைய ஒரு மீட்டர் மேலே எழும்பிவிட்டது. அதுவரை தண்ணீருக்குள் இருந்த பாறைத் தளம் வெளியே வந்து, அதில் ஒட்டியிருந்த பாவுவாச் சிப்பிகளும் பாசியும் கருகி மடிந்தன. இப்போது வெளுத்த அந்தத் திண்டுகளைக் கடல்நாய்கள் படுக்கையாக்கிக்கொண்டுள்ளன. அவற்றிடமிருந்து 20 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. ஆனால் தண்ணீரில் அவற்றுக்கு அந்த விதி இல்லை. நாங்கள் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா மிதந்தபோது ஒன்று கயாக்கின் அடியில் புகுந்து மறுபக்கம் எழுந்து, மீசையிலிருந்து நீர் சொட்ட எங்களை நிதானமாக ஆராய்ந்துவிட்டுப் போனது.

கரையில் ஃபைஃப் இல்லம் என்றொரு பழைய வீடு இருக்கிறது. ராபர்ட் ஃபைஃப் 1842-இல் இங்கே திமிங்கில வேட்டை நிலையம் தொடங்கினார். வீட்டின் அடித்தளத்தில் தாங்குகல்லாக இருப்பவை திமிங்கிலத்தின் முதுகெலும்புத் துண்டுகள். குனிந்து பார்த்தால் தெரியும். என்னால் அங்கே அதிக நேரம் நிற்க முடியவில்லை. இந்த நாட்டில் வேட்டை ஓய்ந்தது 1960-களில்தான். 1987-இல், ரயில்வே வேலைகள் பறிபோய் ஊர் தளர்ந்திருந்த காலத்தில், சில மாவோரிக் குடும்பங்கள் தங்கள் வீடுகளை அடமானம் வைத்துப் படகு வாங்கித் திமிங்கிலம் காட்டத் தொடங்கின. இன்று ஊருக்கே சோறு போடுவது அந்தத் துணிச்சல்.

அவர்களுடைய படகில்தான் போனோம். பள்ளத்தின் மேல் வந்ததும் எஞ்சினை நிறுத்தி, நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கினார்கள். எண்ணெய்த் திமிங்கிலம் இருட்டில் இரை தேட எழுப்பும் 'டிக் டிக்' ஒலி கேட்டது. தூத்துக்குடிப் பக்கம் அம்பர்கிரீஸ் கடத்தல் என்று நாளிதழ்களில் அடிக்கடி அடிபடுகிறதே, அது இந்த விலங்கின் குடலில் உண்டாவதுதான். ஒலி நின்றது, மேலே வருகிறது என்றார் கேப்டன். சற்று நேரத்தில் இடப்பக்கம் சாய்ந்த நீராவிப் பீச்சல் தெரிந்தது. இங்கே வருபவை பெரும்பாலும் ஆண்கள். பெண்களும் குட்டிகளும் வெதுநீரிலேயே தங்கிவிடுகின்றன. பத்து நிமிடம் போல அது மூச்சு வாங்கியது. பிறகு முதுகு வளைந்தது, வால் முழுவதுமாக எழுந்தது, இறங்கிவிட்டது. இனி முக்கால் மணி நேரம் போல அதற்கு நம் உலகம் தேவையில்லை. நிலநடுக்கத்தில் பள்ளத்தின் சேறு சரிந்து இரையெல்லாம் அடித்துச் செல்லப்பட்டபின் ஓராண்டு வரை இவை ஒவ்வொரு முக்குளிப்புக்கும் இடையே மேலே கூடுதல் நேரம் கிடந்ததை ஒடாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இரை தேட அதிகம் உழைக்க வேண்டியிருந்தது என்பது அவர்கள் கணிப்பு. ஒரு திமிங்கிலத்தைச் சுற்றி 300 மீட்டருக்குள் மூன்று கலங்களுக்கு மேல் கூடாது என்ற விதி அங்கே கறாராக இருப்பது சரிதான் என்று அதைப் படித்தபோது பட்டது.

மறுநாள் விடியலில் தடித்த வெட்சூட் போட்டுக்கொண்டு டஸ்கி டால்ஃபின்களோடு நீந்தினோம். இரவெல்லாம் பள்ளத்திலிருந்து மேலேறி வரும் சிறு மீன்களைத் தின்றுவிட்டு, பகலில் கரையோரம் ஓய்வும் விளையாட்டுமாக இருப்பவை அவை. துரத்தக் கூடாது, தொடக் கூடாது. அவற்றின் ஆர்வத்தைத் தூண்டும்படி மூச்சுக்குழாய்க்குள் ஏதாவது பாடுங்கள் என்றார் வழிகாட்டிப் பெண். பாடினேன். ஒரு டால்ஃபின் கண்ணோடு கண் பார்த்தபடி என்னைச் சுற்றி வட்டமடித்தது. நானும் திரும்பத் திரும்ப வட்டமடித்தேன். தலை கிறுகிறுத்தது, உதடு குளிரில் மரத்தது, மகிழ்ச்சி தாங்கவில்லை. சலித்ததும் அது போய்விட்டது. எப்போது முடியும் என்பதை அது தீர்மானித்ததுதான் அந்தச் சந்திப்பில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கைக்கோராவுக்கு ஒரே நாள் ஒதுக்கிவிட்டு ஓடாதீர்கள். காற்று கிளம்பினால் படகுகள் போகாது. மாற்று நாள் கையில் இருக்க வேண்டும். முடிந்தால் மார்ச் கடைசியில் போங்கள். ஹட்டன் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவை இந்த மலைத்தொடரின் உயரமான சரிவுகளில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கிறது. அந்தச் சமயத்தில் முதன்முதலாகக் கடலுக்குப் பறந்து இறங்கும் குஞ்சுகள் தெருவிளக்கில் தடுமாறிச் சாலையில் விழுகின்றன; தரையிலிருந்து அவற்றால் எழும்ப முடியாது. ஊர்க்காரர்கள் அட்டைப்பெட்டியோடு தெருத்தெருவாகப் போய் அவற்றைப் பொறுக்கி எடுத்து, பிறகு கடலில் விடுகிறார்கள். நாங்கள் போனது வேறு பருவம். அந்த வேலைக்கு ஒருமுறையாவது கூடப் போக வேண்டும் என்று இருக்கிறேன்.