சார்பறியும் வீடு

பலபொருள் ஒரு சொல்லைக் கற்பிக்குங்கால் யாம் கரும்பலகையில் எழுதும் சொல் பெரும்பாலும் 'மா' என்பதே. 'மா பூத்தது' என்றால் மரம். 'மா கனைத்தது' என்றால் குதிரை. சொல் ஒன்றே, உடன் நிற்கும் வினையும் இனமும் சார்புமே வேண்டிய பொருளை முன்னிறுத்தி, வேண்டாதவற்றை விலக்குகின்றன. எம்மிடம் பயின்ற பழைய மாணவர் வேறெதனை மறந்தாலும் இதனை மறந்திரார். இருபதாண்டுகளாகப் பிறர்க்கு இதனை உரைத்த யாம், எம் இல்லத்தில் மறந்திருந்தோம். அதனால் விளைந்ததை இவ்விழா மலரிற் கூறுவது, எம்போற் புதுமையில் விருப்புடையார்க்குப் பயன்படும் என எண்ணுகின்றோம்.

எம் இளவலும் இக்கல்லூரியின் பழைய மாணவரே. கனடாவில் வாழும் அவர் 2024 ஆம் ஆண்டு விடுமுறையில் வந்தபோது, கட்டளைக்கு எரியும் மின்குமிழ்கள், படலை திறந்திருப்பதை அறிவிக்கும் உணரிகள், நீர்த்தாங்கியின் மட்டங் காட்டும் கருவி முதலியவற்றைக் கொணர்ந்தார். இவற்றை ஒருங்கே ஆள்வது 'ஹோம் அசிஸ்டன்ற்' என்னும் மென்பொருள். பவுலஸ் ஸ்கவுட்சன் என்பார் 2013 ஆம் ஆண்டிலே தொடங்கிய இது, விலையின்றி எவரும் பெறத்தக்கது. உள்ளங்கையளவான 'ராஸ்பெரி பை' என்னுங் கணினியிலும் இயங்குவது. வீட்டு வலையமைப்பிற் பொருந்திய கருவிகளை இணையம் அற்ற வேளையிலும் ஆளவல்லது.

இளவல் திரும்பிய பின் யாமே அக்கலையைப் பயின்றோம். கற்றதைக் காட்டும் ஆசை எவரை விட்டது? கூடத்துச் சுவரிற் பொருத்திய தொடுதிரையில் 43 பொத்தான்களையும் அளவுகளையும் நிரப்பினோம். ஒவ்வொரு விளக்கும், ஒவ்வோர் அறையின் வெப்பமும், காற்றின் ஈரமும், உணரிகளின் மின்கல நிலையும் அங்கிருந்தன. சுவரிலுள்ள ஆளியை நிறுத்தினால் அப்புதுக் குமிழ்கள் மின்னின்றிக் கட்டளையை ஏலா. ஆதலின் ஆளிகளின்மேல் ஒட்டுநாடாவும் ஒட்டிவைத்தோம். விருந்தினர் வியந்தனர். எண்பதை அணுகிய எம் அன்னையார் மட்டும் ஒன்றும் கூறினாரல்லர்.

ஒருநாள் நள்ளிரவில் நீரிறைக்கும் மோட்டர் இரையும் ஓசை கேட்டு விழித்தோம். கிணற்றடிக்குச் செல்ல எழுந்த அன்னையார், விளக்குக்குரிய பொத்தானைத் திரையிற் காணாது, மோட்டரை இயக்கிவிட்டார்; பின்னர் இருளிலேயே நடந்து விறாந்தைப் படியில் வீழ்ந்து கிடந்தார். மணிக்கட்டு முறிந்திருந்தது. வைத்தியசாலையில் விடியும்வரை அருகிருந்த எம்மிடம் அவர் கூறியது ஒன்றே: "மோனை, எனக்கு வெளிச்சம் மட்டும் போதும். மற்றதெல்லாம் நீயே வைச்சுக்கொள்."

அவ்வுரை பிரம்படியினும் உறைத்தது. வீடு திரும்பியதும் முதல் வேலையாக ஒட்டுநாடாக்களை உரித்தெறிந்தோம். பின்னர் இரு வாரகாலம், யார் எப்பொழுது எதனைத் தொட்டார் என ஒரு கொப்பியிற் குறித்துவந்தோம். அன்னையார் தொட்டவை 4. யாம் தொட்டவை 11. ஏனையவை எவர் கையும் படாதவை.

அடுத்து, வீடு தானே செய்யத்தக்கவற்றைப் பிரித்தோம். கதிரவன் மறைந்த பின் அன்னையாரின் அறைவாயிலில் நடமாட்டம் உணரப்படின், கிணற்றடிவரையுள்ள விளக்குகள் மெல்லொளியாய் எரியும். தூண்டல், நிபந்தனை, செயல் என்னும் மூன்றுறுப்பால் ஆயது இத்தன்னியக்க விதி. நடமாட்டம் தூண்டல், இரவு நிபந்தனை, விளக்கெரிதல் செயல்.

பின்னர், சமயத்துக்கு மட்டும் வேண்டுவனவற்றை மறைத்தோம். எவர் பார்க்கின்றார், கருவி எந்நிலையில் உள்ளது என்பனபோன்ற நிபந்தனைகளை, திரையிலுள்ள ஒவ்வோர் அட்டைக்கும் இம்மென்பொருளில் விதிக்கலாம். இப்பொழுது நீர்த்தாங்கி காற்பங்குக்குக் குறைந்தால் மட்டுமே மோட்டர்ப் பொத்தான் தோன்றும். இருட்டிய பின் படலை திறந்திருந்தால் அச்செய்தி தோன்றும். மின்கலம் நூற்றுக்கு 20 இற் குறைந்தால் எம் கைத்தொலைபேசியில் மட்டும் தெரியும். காலத்தைக் காட்டுதற்குப் 'பொழுது' எனப் பெயரிட்ட ஓர் உறுப்பை அமைத்து, காலை, மாலை, யாமம் என அது தானே மாறச் செய்தோம். வேற்றுமைத்தொகையில் உருபு மறைந்து நின்றாலும் அதன் பொருள் அழிவதில்லை. மறைத்த பொத்தான்களும் அவ்வாறே.

எனினும் இரு பிழைகள் செய்தோம். புதிய அட்டை மேலே தோன்றியதும் மற்றவை கீழிறங்கின. "நேற்று இங்கே இருந்தது இன்றைக்கு எங்கே போனது?" என்று அன்னையார் கலங்கினார். முதியோர் கண்ணால் மட்டுமன்று, கைப்பழக்கத்தாலும் தேடுவர் என்பதை அன்று அறிந்தோம். அவருடைய நான்கு பொத்தான்களும் இப்போது மேல்வரிசையில் இடம்பெயரா. வந்து மறைவன யாவும் கீழேதான்.

மற்றைய பிழை நகைப்புக்குரியது. சுவாமியறையில் தேவாரம் ஓதிக் கண்மூடி இருந்தவரை, ஆளில்லை எனக் கருதி வீடு விளக்கை அணைத்துவிட்டது! எம்மிடமிருந்த உணரி உடல்வெப்பத்தின் அசைவை அறியுமேயன்றி, அசையாதிருப்பாரை அறியாது. அன்று தொடக்கம், மனிதர் கையால் ஏற்றிய விளக்கை வீடு அணைத்தலாகாது என விதித்தோம். சுவராளிகளின் பின்னே சிறு மின்சுற்றுக் கருவிகளைப் பொருத்தியதால், ஆளியும் திரையும் ஒன்றையொன்று தடுக்காது இயங்குகின்றன. எல்லா விளக்கையும் ஏற்றும் பொத்தானும் எம்மை அழைக்கும் பொத்தானும் எந்நிபந்தனைக்கும் உட்படா.

அமெரிக்கக் கணினி அறிஞர் மார்க் வைசர் 1991 ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையொன்றில், அன்றாட வாழ்வோடு கலந்து தாம் தோன்றாது மறைந்துவிடும் கருவிகளே ஆழ்ந்த பயனுடையன என்னும் கருத்தை முன்வைத்தார். யாம் பட்டறிந்ததை அதனோடு சேர்த்துக்கொள்கின்றோம்: கருவி கண்ணுக்கு மறையலாம், கைக்கு எட்டாது போகலாகாது.

அண்மையில் இளவல் காணொளி அழைப்பில் அத்திரையைக் கண்டு, "அண்ணா, மிச்சமெல்லாம் எங்கே?" என வினவினார். "உள்ளேதான் இருக்கின்றன, வேண்டும்போது வரும்" என்றோம். அருகிருந்த அன்னையார் நகைத்தார்.

பிற நாடுகளில் வாழும் பழைய மாணவர் பலர் ஊரிலுள்ள பெற்றோர்க்கு இத்தகைய கருவிகளை அனுப்பி வருகின்றனர். நன்றே. ஆயினும் பொருத்துமுன் ஓர் இரவு அவ்வீட்டில் விளக்கின்றி எழுந்து, பெற்றோர் நடக்கும் வழியில் நடந்து பார்ப்பாராக. எதனைக் காட்டவேண்டும், எதனை மறைக்கவேண்டும் என்பதை அவ்வழியே உணர்த்தும்.