வத்தல்மலையும் டில்லியின் ஒரு வரியும்

தருமபுரியிலிருந்து வத்தல்மலை ஏறும்போது வளைவுக்கு வளைவு காற்றின் குணம் மாறுகிறது. கீழே புழுதியும் வெக்கையும். மேலே காப்பித் தோட்டமும், மரங்களைத் தழுவிய மிளகுக் கொடியும், சாமைக் கொல்லையும். இங்குள்ள குடிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தாரென மயங்கவேண்டாம், இவர்கள் பேசுவது நம் தமிழே.

இம்மலைக்கும் பார்லிமெண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் வினவலாம். லோக்சபையில் தினந்தோறும் அலுவல் பட்டியல் ஒன்று அச்சாகிறது. காலை 11 மணிக்குக் கேள்வி நேரம். வாய்மொழி விடைக்கு 20 கேள்விகள். பின்பு மேஜைமீது வைக்கும் காகிதங்கள். அதற்கும் பின்னரே மசோதாக்கள். பழங்குடியினர் ஜாபிதாவில் ஒரு பெயரைக் கூட்டவோ குறைக்கவோ, அரசியல் சட்டத்தின் 342-வது விதிப்படி, பார்லிமெண்டு சட்டம் செய்தாக வேண்டும். ஆகவே அப்பட்டியலில் ஒரு வரி இடம்பெறுவதே ஒரு குலத்தின் பெரும்பேறு. தமிழ்நாட்டு நரிக்குறவர்களுக்கு அவ்வரி 2022 டிசம்பரில் வந்தது. மசோதா இரு சபைகளிலும் நிறைவேறியது.

தருமபுரி, சேலம் ஜில்லாக்களின் மலையாளிகள் ஜாபிதாவில் ஏற்கெனவே உண்டு. பர்கூர் மலையின் மலையாளிகளோ, ஈரோடு ஜில்லாவைச் சேர்ந்தவர்கள் என்பதால், இல்லை. காட்டுக்கும் மழைக்கும் ஜில்லா எல்லை ஏது! வத்தல்மலைச் சிறுவனுக்குக் கிடைக்கும் பழங்குடிச் சான்றிதழ் பர்கூர்ச் சிறுவனுக்கு இன்னும் எட்டவில்லை.