லத்தியில் எஞ்சுவது

யானை லத்தியில் கார்ட்டிசால் எவ்வளவு என்று கேட்பவர்களிடம், கார்ட்டிசாலாக அதில் அநேகமாக எதுவும் மிஞ்சாது என்பதைத்தான் முதலில் சொல்கிறேன். அழுத்தத்தின்போது அட்ரீனல் சுரப்பி கூடுதலாகச் சுரக்கும் அந்த ஹார்மோனின் வடிவைக் கல்லீரல் மாற்றிவிடுகிறது. குளுக்குரோனிக் அமிலத்தையோ சல்பேட்டையோ அதில் கோத்து, நீரில் கரையும்படி ஆக்குகிறது. ஒரு பங்கு சிறுநீரில் போகிறது. மறு பங்கு பித்தநீரோடு குடலுக்கு இறங்குகிறது. கல்லீரல் கோத்ததை அங்கே பாக்டீரியாக்கள் கழற்றுகின்றன. கழன்றதில் கொஞ்சத்தைக் குடல் மறுபடி உறிஞ்சிக் கல்லீரலுக்கே அனுப்புகிறது. இத்தனையையும் தாண்டி வெளியே விழும் எச்சங்களைத்தான் நாங்கள் அளக்கிறோம்.

இந்தப் பாதை விலங்குக்கு விலங்கு வேறு. பூனை பெரும்பகுதியை மலத்தில் விடும், பன்றி சிறுநீரில். வியன்னாவில் ரூபர்ட் பால்மே குழுவினர் கதிரியக்கக் கார்பன் ஏற்றிய ஸ்டீராய்டுகளை ரத்தநாளத்தில் செலுத்திப் பின்தொடர்ந்து, 1996இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மலத்தில் உச்சம் தெரியச் செம்மறிக்குச் சுமார் 12 மணி நேரம், மட்டக்குதிரைக்கு 24, பன்றிக்கு 48. குடலைக் கடக்கும் நேரமே அந்தத் தாமதம். ஆகவே யானையை லாரியில் ஏற்றிய அன்றே லத்தி எடுத்தால், ஏற்றுவதற்கு முந்தைய நாளைத்தான் அளந்திருப்போம். யானைப் பாகர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. “இன்னிக்குப் போடுறது நேத்துத் தின்னதுங்க சார்” என்று முடித்துவிடுவார்கள்.

எடுக்கும் விதத்தில் நான் மிகவும் கறார். ஒரே உருண்டைக்குள்ளும் எச்சம் சீராகப் பரவியிருக்காது. வெயில் பட்ட மேற்புறத்தை விட்டுவிட்டு, பல உருண்டைகளின் உள்ளிருந்து கிள்ளி எடுத்துப் பிசைந்து கலக்க வேண்டும். பாக்டீரியாக்கள் கீழே விழுந்த பிறகும் வேலையை நிறுத்துவதில்லை. உடனே ஐஸ் பெட்டி, பிறகு மைனஸ் 20 டிகிரி.

அடுத்தது, அளக்கும் கிட்டில் எச்சத்தைப் பிடிக்கும் எதிர்ப்பொருள். ரத்தக் கார்ட்டிசாலுக்கென்று செய்த கிட், லத்தியில் இல்லாத ஒன்றைத் தேடக்கூடும். உருமாறிய எச்சங்களைக் கூட்டமாகப் பிடிக்கும் எதிர்ப்பொருளையே நம்புகிறேன். அதையும் சும்மா நம்ப முடியாது. அட்ரீனலைத் தூண்டும் ஏசிடிஎச் ஊசி போட்ட பழக்கிய விலங்கின் லத்தியில், எதிர்பார்த்த தாமதத்துக்குப் பிறகு அளவு ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

காட்டு யானைக்கு அந்த ஊசி போட வழியில்லை. அங்கே ஒற்றை மாதிரியை வைத்து ‘அழுத்தத்தில் இருக்கிறது’ என்று எழுதித் தரச் சொன்னால் மறுத்துவிடுகிறேன். தீனியில் நார் கூடினாலே லத்தி பெருத்து, கிராமுக்கு இவ்வளவு என்ற கணக்கு இறங்கிவிடும். அதே யானையின் மழைக்கால லத்தியும் கோடை லத்தியும் கைக்கு வரட்டும் என்கிறேன்.