மூன்றாவது வெளியீட்டில் எழுந்த பாட்டு

நல்ல பாட்டு தானாகவே ஜெயிக்கும் என்ற நம்பிக்கையை என்னால் ஏற்க முடியவில்லை. நார்வேயின் ஆ-ஹா குழு பாடிய 'டேக் ஆன் மீ' அதற்கு வலுவான சாட்சி. 1984இல் டோனி மான்ஸ்ஃபீல்டு தயாரிப்பில் வந்தபோது நார்வேயில் மூன்றாம் இடம் பிடித்தது; பிரிட்டனில் எடுபடவே இல்லை. தயாரிப்பாளர் ஆலன் டார்னியை வைத்துப் புதிதாகப் பதிவு செய்து மறுபடி வெளியிட்டார்கள். இன்று உலகம் முணுமுணுப்பது அந்த வடிவத்தைத்தான். அதுவும் பிரிட்டனில் தோற்றது! பிறகு ஸ்டீவ் பேரன் இயக்கிய வீடியோ வந்தது. நடித்துப் படமாக்கிய காட்சிகளின் மேல் மைக்கேல் பேட்டர்சனும் கேண்டேஸ் ரெக்கிங்கரும் சுமார் 3,000 சட்டகங்களைப் பென்சிலால் வரைந்தார்கள். எம்டிவி அதைத் திரும்பத் திரும்பக் காட்டியது. அக்டோபர் 1985இல் அமெரிக்காவில் முதலிடம், பிரிட்டனில் மூன்றாவது வெளியீட்டில் இரண்டாமிடம்.

அப்படியானால் ஜெயித்தது வீடியோதானே என்று கேட்பார்கள். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. 1984 வடிவத்துக்கும் ஒரு வீடியோ இருந்தது. நீலப் பின்னணியில் குழு பாடும் சாதாரணப் படம், அது பாட்டைக் காப்பாற்றவில்லை. பென்சில் கோடுகள் வருமுன்பே நார்வே ரசிகர்கள் அந்த மெட்டை விரும்பிவிட்டார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. மெட்டில் குறை இருக்கவில்லை. அது கேட்பவரிடம் போய்ச் சேரும் வழிதான் அடைபட்டிருந்தது. வெறும் அதிர்ஷ்டம் என்ற வாதமும் நிற்காது. பிரிட்டனில் இரண்டு முறை தோற்ற பாட்டுக்கு, அதை வெளியிட்ட வார்னர் நிறுவனம் மூன்றாம் முறையும் செலவழித்தது. அதை அதிர்ஷ்டம் என்று எப்படிச் சொல்வது?