பின்னவலையில் ஒரு நாள், உடவளவையில் ஒரு நாள்

கண்டியிலிருந்து கொழும்புக்குப் போகும் வீதியில், கேகாலைக்குக் கிட்ட றம்புக்கனைப் பக்கமாகத் திரும்பினால் சிறிது தூரத்தில் பின்னவலை வருகிறது. தென்னந்தோப்பும் மகா ஓயாவும் உள்ள ஊர். தாயை இழந்த யானைக்குட்டிகளை வளர்ப்பதற்கென்று வனஜீவராசிகள் திணைக்களம் 1975 இல் தொடக்கிய இல்லம் இங்கேதான் இருக்கிறது. முதலில் வில்பத்து, பிறகு பெந்தோட்டை, பிறகு தெஹிவளை என்று இடம் மாறிக் கடைசியாகத்தான் இந்த 25 ஏக்கர் தென்னங்காணிக்கு வந்ததாம். “இடம்பெயர்ந்த கணக்கில இது எங்களையும் வெல்லும் போல” என்று பஸ்சுக்குள் ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டோம்.

2011 ஆம் ஆண்டு எமது மாதர் சங்கத்துப் பெண்கள் கதிர்காமத்துக்குப் புறப்பட்ட பயணம் அது. பலர் முகாமிலிருந்து மீளக்குடியேறி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. போகும் வழியில் பிள்ளைகளுக்கு யானை காட்டலாம் என்று இரண்டு இடங்களில் இறங்கினோம்.

பின்னவலையில் யானைகளைக் குளிக்கக் கொண்டுபோகும் நேரத்தில் வீதியை மறித்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் கடைகள். மரத்தில் செய்த யானை, துணியில் தைத்த யானை, யானை இலத்தியில் செய்த கடதாசிக் கொப்பி கூட விற்கிறார்கள். அந்த ஒடுங்கிய பாதையால் பெரிதும் சிறிதுமாக ஒரு கூட்டம் நடந்து ஆற்றுக்குள் இறங்குகிறது. கல்லில் சாய்ந்து படுத்து, தும்பிக்கையால் நீரை அள்ளி முதுகில் ஊற்றி, குட்டியைத் தள்ளிவிட்டு விளையாடுவதைப் பார்க்க அலுப்பே வராது. எங்கள் பிள்ளைகள் சாப்பாட்டையும் மறந்து நின்றார்கள். அந்த இடத்தின் அழகை இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் எங்களை அதிகம் நிற்க வைத்தது சாமா என்ற பெண் யானை. குட்டியாக இருந்தபோது மிதிவெடியில் அகப்பட்டு ஒரு முன்காலின் பாதத்தை இழந்தது. உயிர் தப்பி, வளர்ந்து, அந்தப் பெரிய உடம்பின் பாரத்தை மற்ற மூன்று கால்களிலும் தாங்கிக்கொண்டு நின்றது. எங்களோடு வந்த ஒரு அக்காவும் கால் இழந்தவர். ஜெய்ப்பூர் காலோடு நடப்பவர். வெகுநேரம் பார்த்துவிட்டு, “இதுக்கு இடுப்பு உளையும். எனக்குத் தெரியும்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

யானைக்குச் செயற்கைக் கால் வைக்க முடியாதா என்று பின்னர் தேடி வாசித்தேன். முடியும். தாய்லாந்தில் மோஷா என்ற ஏழு மாதக் குட்டி 2006 இல் மிதிவெடியில் கால் இழந்தது. லம்பாங்கில் உள்ள யானை வைத்தியசாலையில் அதற்குச் செயற்கைக் கால் பொருத்தினார்கள். உடம்பு பெருக்கப் பெருக்கக் கால் போதாமல் போகும். திரும்பத் திரும்பப் புதிதாகச் செய்யவேண்டும். வளரும் வயதில் கால் இழந்த பிள்ளையை வைத்திருக்கும் தாய்மாருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சாமா போன்ற ஒன்றைக் காட்டில் விடமுடியாது. அதை வைத்துப் பராமரிப்பது புண்ணியம்தான். கேள்வி மற்ற யானைகளைப் பற்றியது. பின்னவலையில் 1984 இலேயே முதற் குட்டி பிறந்துவிட்டது. அதற்குப் பிறகு பல குட்டிகள். 2021 இல் இரட்டைக் குட்டிகளும் பிறந்தன. இவை தாயை இழந்தவையும் அல்ல, காயப்பட்டவையும் அல்ல. பிறந்த நாள் முதல் சங்கிலிக்கும் பாகனின் அங்குசத்துக்கும் பழகி, காட்டைக் காணாமலே வளர்கின்றன. நாங்கள் போனபோது காசு கட்டினால் குட்டிக்குப் போத்தலில் பால் பருக்கவும் விட்டார்கள். வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற பெண் மெல்லமாகக் கேட்டார்: “முகாமில எங்களையும் இப்பிடித்தானே வந்து பாத்திட்டுப் போனவை?” சாப்பாடு தந்தார்கள், மருந்து தந்தார்கள், அதற்கு நன்றி இருக்கிறது. ஆனாலும் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் பார்ப்பவர்களின் கண்ணை நாங்கள் மறக்கவில்லை.

வீட்டுக்குப் பழகிய யானை கையில் இருந்தால் அதை அன்பளிப்பாகக் கொடுக்கும் ஆசையும் நாடுகளுக்கு வருகிறது. 1985 இல் இலங்கையிலிருந்து பாகிஸ்தானுக்கு அனுப்பப்பட்ட காவன் என்ற குட்டி, இஸ்லாமாபாத் மிருகக்காட்சிசாலையில் 35 வருடங்கள் இருந்தது. துணையாக இருந்த பெண் யானை 2012 இல் இறந்தபின் தனித்துப்போய், ஒரே இடத்தில் நின்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது. 2020 இல் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் விமானத்தில் ஏற்றிக் கம்போடியாவில் உள்ள காட்டுச் சரணாலயத்துக்கு அனுப்பினார்கள். இங்கேயும் ஒரு கதை. 2001 இல் தாய்லாந்து அன்பளிப்பாகத் தந்த முத்துராஜா, ஒரு விகாரையில் வளர்ந்து முன்காலில் காயத்தோடு தெஹிவளைக்குக் கொண்டுவரப்பட்டு, 2023 ஜூலையில் தாய்நாட்டுக்கே திரும்பிப் போனது. அன்பளிப்பு என்றால் பூமாலை, பாண்டு வாத்தியம் எல்லாம் இருக்கும். பிறகு அந்த மிருகம் எப்படி இருக்கிறது என்று யார் போய்ப் பார்க்கிறார்கள்?

அடுத்த நாள் இரத்தினபுரி வழியாக உடவளவைக்குப் போனோம். அங்கே 1995 இல் தொடங்கிய யானைக்குட்டிகள் இடைத்தங்கல் இல்லம் இருக்கிறது. இடைத்தங்கல் என்ற சொல்லைக் கேட்டவுடனேயே எங்களுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் இது சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற இடம். கிணற்றில் விழுந்தும், சுருக்கில் அகப்பட்டும், தாய் சுடப்பட்டும் தனித்துப்போன குட்டிகளைக் கொண்டுவந்து, மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பால் கொடுக்கிறார்கள். புனலில் ஊற்ற, குழாய் வழியாக வாய்க்குள் போகிறது. தடவுவதில்லை, குளிப்பாட்டுவதில்லை. பார்க்க வருபவர்கள் தூரத்தில் போட்ட மேடையில் நிற்கவேண்டும். மனிதரில் ஒட்டிவிட்டால் பிறகு காட்டில் பிழைக்காது என்பதுதான் காரணம். பால் முடிந்ததும் குட்டிகள் தாமாகவே பற்றைக்குள் போய்விடுகின்றன.

ஐந்து வயதளவில் கூட்டமாகச் சேர்த்துக் காட்டில் விடுகிறார்கள். 1998 இல் தொடங்கி இதுவரை நூற்றுக்கும் அதிகமானவை போயிருக்கின்றன. சிலவற்றின் கழுத்தில் கருவி கட்டிப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். விடப்பட்ட பெண் யானைகள் காட்டிலேயே குட்டி ஈன்றும் இருக்கின்றன. போகமுடியாதவைதான் தங்குகின்றன, சுருக்கில் காலை இழந்த நாமல் என்ற குட்டிக்குச் செயற்கைக் காலும் வைத்தார்களாம்.

வன்னியில் இருந்துகொண்டு யானைக்கு இரங்குவதா என்று சில சகோதரிகள் கோபிக்கலாம். விளைந்த வயலையும் நட்ட தென்னம்பிள்ளையையும் ஒரே இரவில் இழந்தவர்களின் வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும். மீளக்குடியேறிய காணியில் நானும் மூன்று தென்னை கொடுத்தேன். அதற்கு வேலி வேண்டும், நட்டஈடு வேண்டும், அதிகாரிகள் வரவேண்டும். குட்டியைப் பிடித்துச் சங்கிலியில் கட்டிக் காட்சிக்கு வைப்பதால் என் தென்னை தப்பப்போவதில்லை.

பின்னவலையில் பிள்ளைகள் தொட்டார்கள், உடவளவையில் தொடவில்லை. வீட்டுக்கு வந்தபின் அவர்கள் கதைத்தது பெரும்பாலும் பின்னவலையைப் பற்றித்தான், பிள்ளைகள் அப்படித்தான். ஜெய்ப்பூர் கால் அக்காதான் மேடையில் கடைசிவரை நின்றார். குட்டிகள் எல்லாம் பற்றைக்குள் மறைந்த பிறகு காவலாளியிடம் தெரிந்த சிங்களத்தில், பெரிதானதும் எல்லாவற்றையும் விட்டுவிடுவீர்களா என்று கேட்டார். “ஓம் அம்மா, அதுக்குத்தானே வளர்க்கிறோம்” என்று அவர் தமிழில் சொன்னார்.

அங்கே போகிறவர்கள் பால் கொடுக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள். மற்ற வேளையில் போனால் வெறும் மேடையைத்தான் பார்க்கலாம். நாங்கள் மத்தியானப் பாலைப் பார்த்துவிட்டுத் தணமல்வில வழியாகப் புறப்பட்டு, இருட்டமுன் கதிர்காமம் போய்ச் சேர்ந்தோம்.