பெரிய டயர், சின்னக் கணக்கு



முள்ளியவளையில மச்சான்ட பழைய டபிள் கெப்தான் நெல்லேத்தவும், ராவில வருத்தக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடவும். மாரியில வயல் பாதையில அடி தட்டுதெண்டு 28 அங்குல டயரைக் கழட்டி 31 போட நினைக்கிறார். "நீங்க கணக்கு வாத்தியார்தானே, பாத்துச் சொல்லுங்க மச்சான்" எண்டார்.

பாத்தேன். விட்டம் 3 அங்குலம் கூடினா அடி உயர்றது ஆரையளவு மட்டும்தான், ஒன்றரை அங்குலம்.

31ஐ 28ஆல வகுத்தா 1.1. மீட்டர் 50 காட்டுறப்போ உண்மையான வேகம் 55. இழுவை பத்திலொரு பங்கு குறையும். ஒரே மிதிக்கு பிரேக் பிடிக்கிற பலமும் அப்படித்தான். மூட்டையோட, நனைஞ்ச கிறவல் ரோட்டில, அதே கெப்பில எங்கட புள்ளைகளும் இருப்பாங்க.

2020 மார்ச்சில நிறுத்தின வாகன இறக்குமதி 2025லதான் திறந்தது. இன்றைய வரியோட புதுக் கெப் எங்களுக்கு எட்டாது. இருக்கிறதைக் காப்பாத்தணும்.

நான் சொன்னது: அளவை மாத்தாதீங்க. அதே அளவில ஆழமான வெட்டுள்ள சேத்து டயர் போடுங்க. பக்கத்தில அடிச்சிருக்கிற பார அளவு, பழைய டயர்ல இருந்ததை விடக் குறையாம பாருங்க.

பெரிய டயரோட லோட் ஏத்தி ஓடுறவங்க இருந்தா கொமண்ட்ல உங்கட அனுபவத்தையும் எழுதுங்க.