உடைமையும் உடையவரும்

‘என் வீடு’ என்று தமிழர் கூறும்பொழுது உடையவர் முன்னும் உடைமை பின்னும் நிற்கின்றன. மலாய் மொழியிலும், அதனை அடியாகக் கொண்டெழுந்த இந்தோனேசிய மொழியிலும் இவ்வொழுங்கு தலைகீழாகின்றது. ‘ரூமா’ என்பது வீடு. ‘சாயா’ என்பது நான். இரண்டையும் ‘ரூமா சாயா’ என அடுத்தடுத்து வைத்த அளவிலேயே ‘என் வீடு’ என்னும் பொருள் பிறந்துவிடுகின்றது. வேற்றுமையுருபு வேண்டியதில்லை, ‘நான்’ என்பது ‘என்’ எனத் திரியவும் வேண்டியதில்லை. சொல் நிற்கும் இடமே உருபின் பணியைச் செய்கின்றது. குறுக்கிக் கூறுவோர் ‘ரூமாக்கு’ என்பர். தமிழ்ச் செவிக்கு அது நான்காம் வேற்றுமைபோல் ஒலிப்பினும், ‘என் வீடு’ என்பதே அதன் பொருளாகும். ‘ரூமாமு’ என்றால் உன் வீடு. ‘ரூமாஞா’ என்றால் அவனுடைய அல்லது அவளுடைய வீடு.

உடைமையை வெளிப்படையாகச் சுட்டும் ‘புஞா’ என்றொரு சொல்லும் அம்மொழியில் உண்டு. தலைவனைக் குறிக்கும் ‘எம்பு’ என்ற சொல்லோடு ‘ஞா’ சேர்ந்து பிறந்தது அது. ‘அதன் தலைவன்’ என்பது அதன் மூலப்பொருள். தலைவனை ‘உடையான்’ எனக் குறித்த தமிழ் மரபை இஃது நினைவூட்டுகின்றது. இன்றைய இந்தோனேசிய மொழியில் ‘சாயா புஞா ரூமா’ என்றால் ‘எனக்கு வீடு உண்டு’ என்று பொருள். அதே தொடர் துறைமுகங்களிலும் சந்தைகளிலும் வழங்கிய மலாயில் ‘என் வீடு’ எனப் பொருள்பட்டது. ஒல்லாந்தர் காலத்திற் போர்வீரராகவும் நாடுகடத்தப்பட்டோராகவும் இலங்கைக்குக் கொணரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களிடத்தே இந்தப் ‘புஞா’ தேய்ந்து ‘பே’ என்னும் உருபாகிவிட்டது. தமிழும் சிங்களமும் சூழ வாழ்ந்த அவர்தம் மலாயில் உடையவர் பெயர் முன்னும் உடைமை பின்னும் வரலாயின. சொற்கள் மலாய்ச் சொற்களாகவே நிற்க, அவற்றைக் கோக்கும் முறை மாறியது.

சொற்கள் ஊர்விட்டு ஊர் செல்லும்பொழுது அவற்றின் நிலை மாறுவதும் உண்டு. வடமொழியில் உரிமையாளனையும் தலைவனையும் குறித்த ‘சுவாமி’ மலாயிற் கணவனைக் குறிக்கின்றது. உடைமைப் பொருள் தரும் ‘பெர்’ என்ற முன்னொட்டு அதனோடு சேர்ந்து ‘பெர்சுவாமி’ என்றாகும்பொழுது ‘கணவனை உடையவள்’ என்பது பொருள். உடையவனாக இருந்த சுவாமி அங்கே உடைமையாகிவிடுகின்றான்!

எனினும், மலாய் மொழி பேசுவோனிடத்து மிக நுண்ணிய கவனத்தை வேண்டி நிற்பது பன்மையிலேதான். கேட்போனை விலக்கிய ‘நாங்கள்’ அம்மொழியிற் ‘காமி’ எனவும், அவனையும் உளப்படுத்திய ‘நாம்’ ‘கித்தா’ எனவும் வழங்கும். ‘ரூமா காமி’ என்று விருந்தினரிடம் கூறினால் அது எங்கள் வீடு. ‘ரூமா கித்தா’ என்றால் கேட்பவருக்கும் அதிற் பங்குண்டு. ஆங்கிலத்தின் ஒரே சொல் மறைத்துவிடும் இவ்வேறுபாட்டைத் தமிழும் மலாயும் பேணி வந்துள்ளன. ஆயினும் இலங்கைத் தமிழ் எழுத்தில் ‘எமது’, ‘நமது’ என்பவை வேறுபாடின்றி இன்று கலந்து வழங்குகின்றன.

1928ஆம் ஆண்டில் யக்கார்த்தாவிற் கூடிய இளைஞர் மாநாடு இந்தோனேசிய மொழியை ஒற்றுமை மொழியாக அறிவித்தது. சாவகம், சுந்தா முதலிய மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்ட பெருந்தொகையினர்க்கு மலாய் பிறப்பால் வந்த உடைமையன்று. ஆயினும் ஒரு சாராரின் ‘காமி’யாக இருந்த மொழி அனைவரதும் ‘கித்தா’வாக ஏற்கப்பட்டது.

‘எமது மொழி’, ‘எமது நாடு’ என்பன எழுதுவதற்கு எளிய தொடர்கள். அவ்வாறு எழுதுவோன், எதிரே இருப்பவனை அச்சொல்லுள் அடக்குகின்றானா, விலக்குகின்றானா என்று தன்னைக் கேட்டுக்கொள்வதில்லை. மலாய் பேசுவோன் ‘காமி’, ‘கித்தா’ இரண்டில் ஒன்றைத் தேர்ந்த பின்னரே தன் தொடரை முடிக்க இயலும். உடைமையைச் சொல்லுமுன் உடையவர் யாவர் என்பதைத் தெளியவேண்டும் என அம்மொழி கற்பிக்கின்றது. அத்தெளிவுக்கு வேண்டிய சொற்கள் தமிழிலும் உள்ளன. அவற்றை வேறுபாடறிந்து வழங்குதலே வேண்டுவது.